வீட்டில் காக்டெயில் கலக்கப் பழகுதல்: ஒரே செய்முறை இருமுறை ஒரே சுவை தராதது ஏன்?

மாலைக்கோப்பை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே நல்ல காக்டெயில் தயாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வத்தில் சில காலமாக முயன்று வருகிறேன். ஜின், வெள்ளை ரம், போர்பன் விஸ்கி, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த திராட்சை மது), ஒரு சிறு புட்டி பிட்டர்ஸ் (சொட்டுக்கணக்கில் சேர்க்கும் கசப்புச் சாறு) ஆகியவை கைவசம் உள்ளன. மூடியிலேயே வடிகட்டி அமைந்த ஒரு ஷேக்கரும் இருக்கிறது. செய்முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. தேடினால் ஒரே பானத்துக்குப் பத்து விதமான அளவுகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருமுறை செய்தால் இரண்டு வேறு பானங்கள் வருகின்றன. ஒரு முறை மதுவின் காரம் தொண்டையைப் பிடிக்கிறது. மறுமுறை புளிப்பு மேலோங்கி மற்ற எதுவுமே தெரிவதில்லை. டைக்கிரியில்தான் இது மிகவும் வெளிப்படையாகத் தெரிகிறது. இன்னும் சில மதுவகைகளையும் கருவிகளையும் வாங்கினால் இது சரியாகுமா, அல்லது அடிப்படையில் கவனிக்க வேண்டியது வேறு ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மகிழ்வேன்.

அளவுக்கரண்டி:

நண்பரே, இப்போதைக்கு ஒரு புட்டிகூடப் புதிதாக வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பவற்றைக் கொண்டே டைக்கிரி, விஸ்கி சவர், மன்ஹாட்டன், ஓல்ட் ஃபேஷன்ட் ஆகிய நான்கையும் செய்யலாம். கற்பதற்கு இவையே போதும். வாங்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது மில்லிலிட்டர் கோடுகள் தெளிவாக உள்ள ஒரு சிறிய அளவுக் குவளைதான்.

டைக்கிரி மூன்றே பொருள்களால் ஆனது என்பதால் ஒளிவதற்கு அதில் இடமே கிடையாது. 60 மி.லி. ரம், 22 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. சர்க்கரைப் பாகு என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்துமதிப்பாக ஊற்றும்போது சாறு 5 மி.லி. கூடிவிட்டால் பானத்தின் புளிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது. ரம்மில் அதே 5 மி.லி. கூடினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆகவே துல்லியம் முதலில் வேண்டியது புளிப்பிலும் இனிப்பிலும்தான், மதுவில் அன்று. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மதுவைக் கவனமாக அளந்துவிட்டு, பழத்தை நேராக ஷேக்கருக்குள் பிழிகிறார்கள்.

பாகையும் எடையால் செய்யுங்கள். 200 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் நீர் என்றால் அது எப்போது செய்தாலும் ஒரே பாகு. ஒரு கோப்பை சர்க்கரைக்கு ஒரு கோப்பை நீர் என்று போனால், படிகங்களுக்கு இடையே காற்று இருப்பதால் சர்க்கரையின் எடை குறைந்து, பாகின் இனிப்பும் குறையும். சில செய்முறைகள் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் என்ற கெட்டிப்பாகைக் கேட்கும். அதே கனஅளவில் அது சுமார் ஒன்றரை மடங்கு இனிப்பானது என்பதால், எந்தப் பாகு என்று சொல்லாத செய்முறையை நம்பி இறங்குவது வீண். நீங்கள் கண்ட பத்து விதமான அளவுகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

உருகுநிலை:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கேள்வியின் மையம் வேறிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காரமாக இருக்கிறது, பிறகு புளிப்பு மேலோங்குகிறது என்று இரண்டும் மாறிமாறி வருகிறதென்றால், எந்தச் செய்முறையிலும் எழுதப்படாத நான்காவது பொருளைக் கவனிக்க வேண்டும். அது நீர்.

காக்டெயில் என்றால் என்ன என்று அச்சில் விளக்கிய முதல் குறிப்பு 1806ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வந்த ஒரு செய்தித்தாளில் காணப்படுகிறது. மது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் என நான்கை அது சொல்கிறது. நீரும் அந்தப் பட்டியலில் சமமாக நிற்பதைக் கவனியுங்கள். பிற்காலத்தில் பனிக்கட்டி எளிதாகக் கிடைத்தபோது நீர் தானாகவே உருகி வந்து சேர்ந்ததால் செய்முறைகளிலிருந்து அது மறைந்துபோனது, பானத்திலிருந்து மறையவில்லை.

இதன் இயற்பியலைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் ஒரே நேரத்தில் தீரும். 0 பாகை செல்சியஸில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே ஒரு கிராம் பனிக்கட்டி உருகாமல் ஒரு பாகை மட்டும் சூடேறுவதற்கு எடுப்பது சுமார் 2 ஜூல்தான். உறைபெட்டியிலிருந்து மைனஸ் 18 பாகையில் எடுத்த கட்டியாகவே இருந்தாலும், அது 0 பாகையை எட்டும்வரை எடுக்கும் வெப்பம் 38 ஜூல் அளவே. ஆகவே ஷேக்கருக்குள் நிகழும் குளிர்ச்சியில் பெரும்பங்கு உருகுவதால் வருவது. குளிர வேண்டும், ஆனால் நீர்க்கக் கூடாது என்று பனிக்கட்டியிடம் கேட்க முடியாது. இரண்டும் ஒரே நிகழ்வு.

நன்றாகக் குலுக்கிய பானத்தில் முதலில் ஊற்றிய அளவில் ஏறத்தாழ பாதிக்குச் சமமான நீர் சேர்கிறது; சில வேளைகளில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சேரும். 102 மி.லி. கலவை 150 மி.லி. அளவுக்கு வரவேண்டும். 40 சதவீத ரம்மில் தொடங்கியிருந்தால் கோப்பையில் இருப்பது ஏறத்தாழ 16 சதவீதம். அந்த இடத்தில்தான் மதுவின் எரிச்சல் அடங்கி, கரும்பின் மணம் மேலே வருகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். அடுத்த முறை வடிகட்டிய பானத்தை நேராகக் கோப்பையில் ஊற்றாமல் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 130க்குக் கீழே நின்றால் பனிக்கட்டி போதவில்லை அல்லது குலுக்கியது போதவில்லை. 170ஐத் தாண்டினால் உங்கள் பனிக்கட்டி ஏற்கெனவே ஈரமாக இருந்திருக்கிறது. வெளியே எடுத்துவைத்த கட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் நீர் எந்தக் குளிர்ச்சியையும் தராமல் பானத்தை நீர்க்கச் செய்கிறது. அதை வடித்துவிட்டுப் பிறகு பயன்படுத்த வேண்டும்.

கைப்பழக்கம்:

இருவர் சொன்னதையும் மதிக்கிறேன். எனினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எலுமிச்சை தொழிற்சாலையில் செய்த பொருள் அன்று. ஒரே கூடையில் எடுத்த இரண்டு பழங்களின் புளிப்புகூட ஒன்றாக இருப்பதில்லை. 22 மி.லி. என்று துல்லியமாக அளந்தாலும், அந்த 22 மி.லி.க்குள் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைக் குவளை சொல்லாது, நாக்குதான் சொல்லும். ஆகவே அளவையே பிடித்துக்கொண்டு சுவைத்துப் பார்க்காமல் பரிமாறுகிறவர், அளக்காமல் சுவைத்துப் பார்க்கிறவரைவிட மோசமான பானத்தையே தருவார். கண்ணளவும் நாக்கும் பழகினால் கருவிகள் தேவைப்படாது என்பது என் கருத்து.

அளவுக்கரண்டி:

நாக்கே இறுதி நடுவர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாக்கு பழகும்வரை அதற்கு ஒரு நிலையான புள்ளி வேண்டும். அளந்து ஊற்றியவர், சுவைத்துப் பார்த்துப் புளிப்பு மிகுந்திருந்தால் 3 மி.லி. பாகு சேர்த்து, அது போதுமா என்று அறிகிறார். அடுத்த முறைக்கான அறிவு அங்கே சேமிக்கப்படுகிறது. அளக்காதவர் அன்றைக்கு ஒரு நல்ல பானத்தைக் குடிக்கிறார், அவ்வளவே. அது எப்படி வந்தது என்பது அவருக்கும் தெரியாது. நீங்கள் கண்ணளவில் ஊற்றுவது பல ஆண்டுப் பயிற்சியின் முடிவில் வந்தது. தொடங்குகிறவருக்கு அதையே முதல் படியாகச் சொல்வது நியாயமாகாது.

சுவைத்துப் பார்ப்பதற்கும் முறை உண்டு. பனிக்கட்டி சேர்க்கும் முன் ஒரு துளி, குலுக்கி வடித்தபின் ஒரு மிடறு என இரண்டையும் ஒப்பிட வேண்டும். முதல் துளி மிகவும் இனிப்பாகவும் மிகவும் புளிப்பாகவும் காரமாகவும் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனெனில் நீரும் குளிரும் இன்னும் வரவில்லை. குளிர்ந்த நிலையில் இனிப்பு மங்கித் தெரியும். அறை வெப்பத்தில் கச்சிதமாக இருக்கும் கலவை, குளிர்ந்தபின் ஒல்லியாகப் படுவதற்கு இதுவே காரணம்.

மாலைக்கோப்பை:

மிக்க நன்றி. சொன்னபடி அளந்து பார்த்தேன், 102 மி.லி. கலவை 122 மி.லி.தான் ஆகியிருந்தது. நான்கைந்து கட்டிகளை மட்டுமே போட்டுச் சிறிது நேரம் குலுக்கியிருந்தேன். ஷேக்கரை நிரப்பும் அளவுக்குப் பனிக்கட்டி போட்டு வலுவாகக் குலுக்கியபோது 148 வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்ததில் இவை ஒரே பொருள்களால் ஆனவை என்று நம்புவதே கடினமாக இருந்தது.

இப்போது இன்னும் சில கேள்விகள். எவ்வளவு நேரம் குலுக்குவது? எதைக் குலுக்க வேண்டும், எதைக் கரண்டியால் கலக்க வேண்டும்? உருகாத உலோகக் கட்டிகளும் கல் கட்டிகளும் விற்கிறார்களே, அவை பயன்படுமா?

உருகுநிலை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: பயன்படா. உருகாத கட்டி என்பது குளிர்ச்சியின் பெரும்பங்கைத் தர மறுக்கும் கட்டி. மேலும் காக்டெயிலுக்கு நீர் தேவை; அதைத் தராத ஒன்றை அதில் போடுவதில் பொருளில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, நிறையப் பனிக்கட்டியுடன் வலுவாகக் குலுக்கினால் 12 முதல் 15 விநாடிகள் போதும். மதுவும் சர்க்கரையும் கரைந்த நீர் 0 பாகைக்குக் கீழேதான் உறையும் என்பதால் பானம் மைனஸ் 5 பாகையை ஒட்டிய குளிர்நிலைக்கு இறங்கும். அங்கே பானமும் பனிக்கட்டியும் ஏறத்தாழச் சமநிலையை எட்டிவிடுகின்றன. அதற்கு மேல் குலுக்குவதால் வரும் மாற்றம் சிறிது. ஆகவே குலுக்கும் பாணியில் அதிக மர்மம் ஏதுமில்லை. நிறையப் பனிக்கட்டி, ஈரமற்ற பனிக்கட்டி, தயக்கமில்லாத கை ஆகிய மூன்றும் அமைந்தால் முடிவு ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வரும்.

தோல்நறுமணம்:

குலுக்குவதா, கலக்குவதா என்பதற்கு நான் பதில் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழச்சாறு, பாலேடு, முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் குலுக்குங்கள். மது, வெர்மூத், பிட்டர்ஸ் ஆகியவை மட்டுமே இருந்தால் கரண்டியால் கலக்குங்கள். குலுக்கும்போது காற்று நுண்குமிழ்களாகப் புகுந்து பானத்தைக் கலங்கலாகவும் லேசாகவும் ஆக்குகிறது. சாறுள்ள பானத்துக்கு அது உயிரோட்டம் தரும். மன்ஹாட்டனுக்கோ அது கேடு; அந்தப் பானத்தின் அழகு பட்டுப்போல் நாக்கில் வழுக்கும் அடர்த்தியில்தான் இருக்கிறது.

கலக்குவது மெதுவான வேலை. 60 மி.லி. விஸ்கி, 30 மி.லி. இனிப்பு வெர்மூத், புட்டியை இருமுறை உதறும் அளவு பிட்டர்ஸ் ஆகியவற்றை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, விளிம்புவரை பனிக்கட்டி இட்டு, கரண்டியின் முதுகு கண்ணாடியை ஒட்டியே செல்லுமாறு அரை நிமிடத்துக்குக் குறையாமல் சுழற்றுங்கள். சுமார் 40 மி.லி. நீர் சேர வேண்டும். இங்கும் அளவுக் குவளையில் ஊற்றிச் சரிபார்க்கலாம். கோப்பையை முன்னதாகவே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பனிக்கட்டி இல்லாமல் பரிமாறும் பானம் அறை வெப்பத்தில் உள்ள கண்ணாடியில் விழுந்தவுடன் தன் குளிரை இழக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வெர்மூத் புட்டி எங்கே இருக்கிறது? விஸ்கிக்கும் ரம்முக்கும் பக்கத்தில் அலமாரியில் நிற்கிறதென்றால் இன்றே அதைக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். வெர்மூத் திராட்சை மதுவை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலும் 15 முதல் 18 சதவீத மதுவே கொண்டது. திறந்தபின் காற்றுப் பட்டுச் சுவை கெடும். குளிரில் வைத்தாலும் ஓரிரு மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மன்ஹாட்டனைப் பிடிக்காது என்று சொல்பவர்கள் பலரும் உண்மையில் வெறுப்பது பழைய வெர்மூத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். பிட்டர்ஸுக்கு இந்தக் கவலையே வேண்டாம். 1824இல் வெனிசுலாவில் மருத்துவர் யோஹான் சீகர்ட் உருவாக்கிய அங்கொஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீத மது இருப்பதால் அது அலமாரியிலேயே நெடுநாள் நிற்கும்.

பழத்தின் தோலையும் வீணாக்காதீர்கள். வெள்ளைப் பகுதி அதிகம் ஒட்டாமல் ஒரு பட்டையைச் சீவி, நிறமுள்ள பக்கம் பானத்தைப் பார்த்திருக்குமாறு பிடித்து மடக்கிப் பிழிந்தால் எண்ணெய்த் துளிகள் மேற்பரப்பில் பரவும். சாறு தருவது புளிப்பை. தோல் தருவது மணத்தை. கோப்பையை வாயருகே கொண்டுவரும்போது மூக்கு முதலில் சந்திப்பது இதைத்தான்.

நுரைப்பிரியர்:

விஸ்கி சவரில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? மேலே நிற்கும் அந்த வெண்ணுரை எனக்குச் சரியாக அமைவதில்லை.

தோல்நறுமணம்:

முதலில் பனிக்கட்டி இல்லாமல் குலுக்குங்கள். வெள்ளைக்கருவின் புரதம் விரிந்து நுரையாவதற்குக் குளிர் தடையாக இருக்கிறது. பிறகு பனிக்கட்டி சேர்த்து மீண்டும் குலுக்கி வடிகட்டுங்கள். முதல் குலுக்கலில் மூடி எளிதில் கழன்றுவிடும், ஆகவே இறுகப் பிடியுங்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். மதுவும் எலுமிச்சையும் அதைக் கொன்றுவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பாஸ்டர் முறையில் பதப்படுத்திய வெள்ளைக்கரு பாதுகாப்பானது. கர்ப்பிணிகளுக்கு மதுவே கூடாது. முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்புத்திறன் குறைந்தவர்களுக்கும் பச்சை முட்டை கலந்ததைத் தர வேண்டாம். டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலையின் நீரும் 25 மி.லி. அளவில் ஏறத்தாழ அதே நுரையைத் தரும்.

கைப்பழக்கம்:

தொடங்குகிறவருக்கு அளவு வேண்டும் என்ற வாதத்தை ஏற்கிறேன். நாக்குக்கு உதவும் ஒரு சிறு பொருளை நானும் சொல்கிறேன்: உப்பு. 20 கிராம் உப்பை 80 கிராம் நீரில் கரைத்துச் சொட்டுக்குப்பியில் வைத்துக்கொண்டு, ஒரு பானத்துக்கு இரண்டு சொட்டு விடுங்கள். உப்புச் சுவை தெரியவே கூடாது. தெரிந்தால் அது அதிகம். கசப்பின் முனை மழுங்கி, பழத்தின் சுவை முன்னே வரும். சேர்த்ததையும் சேர்க்காததையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

மாலைக்கோப்பை:

வெர்மூத் அலமாரியில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். டைக்கிரி இப்போது ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் வருகிறது. அடுத்து எந்தத் திசையில் போவது? எலுமிச்சை இல்லாதபோது ஆரஞ்சுச் சாற்றைப் பயன்படுத்தலாமா?

அளவுக்கரண்டி:

ஆரஞ்சு அதற்கு ஈடாகாது. எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 6 சதவீதம் அமிலம் இருக்கிறது. ஆரஞ்சில் 1 சதவீத அளவே. அதே புளிப்புக்காக ஆரஞ்சை ஆறு மடங்கு ஊற்றினால் அது பழச்சாறாகிவிடும்.

அடுத்த திசை, செய்முறையை வடிவமாகப் பார்ப்பது. டைக்கிரியில் ரம்முக்குப் பதில் ஜின் ஊற்றினால் அது கிம்லெட்டின் ஒரு வகை. போர்பனும் மஞ்சள் எலுமிச்சையும் சேர்ந்தால் விஸ்கி சவர். டெக்கீலா ஊற்றி, பாகின் இடத்தில் ஆரஞ்சு லிக்கரை வைத்தால் மார்கரீட்டா. லிக்கர் இனிப்போடு மதுவையும் கொண்டுவருகிறது என்பதால் அங்கே டெக்கீலாவைக் குறைக்க வேண்டும். பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கத்தின் அளவு 50 மி.லி. டெக்கீலா, 20 மி.லி. லிக்கர், 15 மி.லி. சாறு என்பது அதனால்தான். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் புதிய புட்டி ஒன்றை வாங்கும்போது அது எந்த வடிவத்தில் எந்த இடத்தை நிரப்பும் என்று வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சி என்ற பெயரில் குடிக்கும் அளவு கூடிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கலையின் ஒரு பகுதியே. 60 மி.லி. அளவில் 40 சதவீத மது என்றால் 24 மி.லி. தூய மது, எடையில் ஏறத்தாழ 19 கிராம். பல நாடுகள் ஒரு நிலையளவு என்று கொள்ளும் 10 கிராமுக்கு அது கிட்டத்தட்ட இரு மடங்கு. இனிப்பும் புளிப்பும் குளிரும் சேர்ந்து அந்த வலிமையை மறைத்துவிடுகின்றன. ஒப்பிட்டுச் சுவைக்கும் நாட்களில் எல்லா அளவுகளையும் பாதியாக்குங்கள். சுவைத்தபின் மீதியைக் கொட்டிவிடத் தயங்க வேண்டாம். அன்றைக்கு வண்டி ஓட்டும் எண்ணமே கூடாது.

மாலைக்கோப்பை:

விருந்தினர் எட்டுப் பேர் வரும்போது ஒவ்வொன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தால் அவர்களோடு பேசவே முடியாது. முன்கூட்டியே தயாரித்து வைக்க வழி உண்டா?

உருகுநிலை:

உண்டு. இதுவரை பேசிய நீர்க்கணக்கு முழுமையாகப் பயன்படும் இடமும் அதுவே. நெக்ரோனியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜின், காம்பாரி என்ற கசப்பு லிக்கர், இனிப்பு வெர்மூத் ஆகிய மூன்றும் சம பங்கு. ஒவ்வொன்றிலும் 240 மி.லி. ஊற்றினால் எட்டுப் பேருக்கு 720 மி.லி. ஆகிறது. பனிக்கட்டி இல்லாத கோப்பையில் பரிமாறுவதானால் 180 மி.லி. அளவு குளிர்ந்த நீரையும் அதே புட்டியில் சேர்த்துவிடுங்கள். பனிக்கட்டி நிறைந்த கோப்பையில் என்றால் பாதி நீர் போதும், மீதியைப் பனிக்கட்டி பார்த்துக்கொள்ளும். முதல்நாளே கலந்து குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் ஊற்றுவது ஒன்றே வேலை.

சாறுள்ள பானங்களுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. மதுவையும் பாகையும் முன்கூட்டியே கலந்து வைக்கலாம். சாற்றை அன்றைக்கே பிழிய வேண்டும். ஓரிரவு கடந்த எலுமிச்சைச் சாற்றில் புத்துணர்ச்சி போய்விடும். குலுக்குவதையும் விருந்தினர் வந்தபின் இரண்டிரண்டு கோப்பைகளாகவே செய்யுங்கள். அதற்கு மேல் ஒரே ஷேக்கரில் ஊற்றினால் பனிக்கட்டிக்கு இடம் இருக்காது. நீங்கள் முதலில் அளந்த 122 மி.லி. நிலைமை மீண்டும் வரும். சோடா சேரும் பானமானால் சோடாவையும் நன்றாகக் குளிர வைத்து, குலுக்காமல், ஒவ்வொரு கோப்பையிலும் கடைசியாக ஊற்றுங்கள்.